காரைச் சுற்றி நாலு வீதி

கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்வது எங்கள் தெருவில் வழக்கமில்லை. எழுதக்கூடாது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்: கிபாயத்துல்லா. கடலூர் முதுநகரில் கார் மெக்கானிக். ஆறடி உயரம், மெதுவான பேச்சு, கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மனுஷர் தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் குரலைத் தணித்துப் பேசுவார்கள். தூக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மனசு எங்கேயோ போயிருக்கும், அவ்வளவுதான். நான் அவர் பெண்சாதி அஜீசுன்னிசா. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். அவருக்கும் சேர்த்து நான்தானே பேச வேண்டியிருக்கிறது!

கல்யாணமான நாற்பதாம் நாள் அவர் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஆண்கள் கப்பல் ஏறுவார்கள், பெண்கள் கடிதம் படிப்பார்கள். நடுவில் ஒரே ஒரு தரம் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனார். அதையும் சேர்த்து ஒன்பது வருஷம். பிறந்த பிள்ளை தங்கவில்லை; அந்தச் செய்தியையும் கடிதத்தில்தான் சொன்னேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். என் கையெழுத்து திருந்தியதே அந்த ஒன்பது வருஷத்தில்தான்.

அறுபத்து மூன்றில் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பினாங்கில் ஒரு சீன முதலாளியின் கார் பட்டறையில் கற்ற தொழில் கையில் இருந்தது. கொல்லைப் பக்கம் ஒரு பழைய ஜட்கா கொட்டகை, அதற்குச் சந்து வழியாக வண்டி வர வழியும் உண்டு. அங்கேயே தொழிலைத் தொடங்கினார். கொட்டகையின் தரை கடல் மணல். ஆயில் சிந்தினால் மணல் குடித்துவிடும். மேல் மணலை வாரி எறிந்துவிட்டுப் புது மணல் கொட்டினால் தீர்ந்தது. கை நழுவி விழுந்த சாமான் உடையாது. இதைவிட நல்ல தரை உண்டா என்றுதான் இருவரும் இருந்தோம்.

மறு வருஷம் ஐப்பசி மழையில், ஏதோ நினைவில், ஜாக்கிக்கு அடியில் பலகை வைக்க மறந்தார். ஈர மணலில் ஜாக்கி சரிந்தது, வண்டி இறங்கியது, இடது முழங்கால் போச்சு. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. நிற்கலாம், நடக்கலாம், குந்த முடியாது.

குந்த முடியாத மெக்கானிக் என்ன செய்வார், சொல்லுங்கள்? சக்கரம், பிரேக், ஸ்பிரிங் பட்டை எல்லாம் தரையோடு தரையாக அல்லவா இருக்கிறது! ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். அதன் கால் நாலும் மணலில் புதைந்து ஆடாமல் நின்றது. ரொம்ப நல்லது என்றோம். ஆனால் ஒரு சக்கரம் முடித்து அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டுமே. காரின் கதவைப் பிடித்து எழ வேண்டும், ஸ்டூலைப் பிடுங்கி இழுக்க வேண்டும், மறுபடி காலை நீட்டி உட்கார வேண்டும். நாலு தரம் எழுந்து உட்கார்ந்தால் முகம் வெளுத்துப்போகும். ஒரு நாள் வேலை நாலு நாள் ஆயிற்று. வண்டிக்காரர்கள் மெல்ல வேறு பட்டறை தேடினார்கள்.

அப்போது பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. பழைய சீன முதலாளிதான், யாரையோ வைத்துத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார். கால் விஷயம் கேள்விப்பட்டாராம். சாமான் அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது, பங்குனிக் கப்பலில் வந்து சேரவும் என்று இருந்தது. இவர் அதைப் படித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பின்னால் செருகினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு காகிதம் நான் படிக்காமல் இருந்துவிடுமா! படித்தேன். கொட்டகை ஓடினால் இருப்பார், ஓடாவிட்டால் போய்விடுவார். அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி ஒரு ஒன்பது வருஷம் என் உடம்பு தாங்காது என்று பயமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெயிலில் தெருவே வெளுத்துக் கிடந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தானாகவே பேச ஆரம்பித்தார்.

"பினாங்குல எங்க பட்டறையில ஒரு ஸ்டூலு இருந்துச்சு புள்ள. கால்ல சக்கரம். அதுல குந்திக்கிட்டா காலே வாணாம். ஒரு தள்ளு தள்ளுனா முன்சக்கரத்துலேருந்து பின்சக்கரத்துக்கு அப்படியே போவும். காத்துல போறாப்பல இருக்கும்."

"சத்தம் வருமா?"

"வராது. நீ போறது ஒனக்கே தெரியாது."

நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. ஒரு பெரிய நிழலான இடம். நடுவில் ஒரு கார். அதைச் சுற்றி இவர் உட்கார்ந்தபடியே மெதுவாக மிதந்து போகிறார், வருகிறார். கால் வலிக்கவில்லை. அன்று முழுக்க வீட்டு வேலை செய்துகொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த மீன் அடிபிடித்தது கூடத் தெரியவில்லை.

"வாங்கிடுவோம்" என்றேன் சாயங்காலம்.

"எத?"

"சக்கர ஸ்டூலத்தான். வேறெத!"

முதலில் உத்திராபதி ஆசாரியிடம் சொன்னோம். பிள்ளைகளின் நடைவண்டி செய்வதில் அவர் கெட்டிக்காரர். நடைவண்டிச் சக்கரத்தையே நாலு காலிலும் பூட்டிவிட்டார். அவர் பட்டறைக் கல்தரையிலேயே உட்கார்ந்து பார்த்தார் இவர். நேராக நன்றாகத்தான் ஓடியது. ஆனால் திரும்பவே மாட்டேன் என்றது. நேராகப் போய் இழைப்புளி மேடையில் முட்டி நின்றது. "நடைவண்டி நேராத்தான போவும் பாய், அது என்னா பண்ணும்?" என்று ஆசாரி கோபித்துக்கொண்டார். சக்கரம் நாலு திசையிலும் திரும்ப வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

சிதம்பரத்தில் கோவிந்தசாமி என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்த நாற்காலி, கட்டில், பீரோ எல்லாம் அங்கே கிடைக்கும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ரயிலில் கிளம்பினோம். நான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சணல் கயிற்றையும் எடுத்துக்கொண்டேன். கொட்டகையில் வக்கீல் ராமாமிர்தத்தின் மாரிஸ் மைனர் கார் பத்து நாளாக நின்றுகொண்டிருந்தது. அதன் சக்கர நடு எவ்வளவு உயரம் என்று அளந்து கயிற்றில் ஒரு முடிச்சு. இவர் உட்கார்ந்தால் கை தானாக விழும் உயரத்துக்கு இன்னொரு முடிச்சு. நீட்டிய காலின் நீளத்துக்கு மூன்றாவது முடிச்சு. அளக்க வேண்டியதையெல்லாம் அளந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கோவிந்தசாமி கடையில் சக்கர ஸ்டூல் மூன்று இருந்தன. முதலாவது இரும்பு, உயரம், சுழற்றினால் ஏறி இறங்கும். ஆனால் மூன்றே சக்கரம். இவர் பக்கவாட்டில் சாய்ந்ததும் குப்புறத் தள்ளப் பார்த்தது. "இது வாணாம், ஆளக் கவுத்துடும்" என்று ஒதுக்கினேன். இரண்டாவதுக்கு நாலு சக்கரம், எல்லாம் இரும்பு. உருட்டினால் கடையே கூசுகிற மாதிரி ஒரு கிறீச்சல். மூன்றாவது குட்டையாக, வட்டமாக, தோல் மெத்தை வைத்து ஓர் ஓரத்தில் கிடந்தது. நாலு ரப்பர் சக்கரம். உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு தட்டு, ஸ்பானர் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது.

"அது டாக்டருங்க குந்துற ஸ்டூலு" என்றார் கோவிந்தசாமி.

"எங்க வூட்டுக்காரவங்களும் டாக்டருதான். காருக்கு" என்றேன்.

இவர் உட்கார்ந்தார். நல்ல காலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். சத்தமே இல்லாமல் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். திரும்பி வந்தார். முகத்தில் இருந்த சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. கடையின் தரை சிவப்புச் சிமெண்டு, வழவழவென்று முகம் தெரிகிற தரை. நான் அதையும் நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? என் அடுப்படிக்கு இந்த மாதிரித் தரைதான் போட வேண்டும் என்று நினைத்தேன்! அப்போது சிமெண்டு பர்மிட்டில்தான் கிடைக்கும். எட்டு மாதம் மனுப் போட்டு, அலைந்து, நாலு மூட்டை வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். அடுப்படி மண் தரையில் எறும்பு போகாத நாள் கிடையாது. சிவப்புத் தரை என் ஒன்பது வருஷ ஆசை. கொத்தனார் கொளஞ்சியிடம்கூடச் சொல்லி வைத்தாயிற்று.

விலையை நான் பேசினேன். கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டு ஸ்டூலைக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் ஸ்டூல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் என் பக்கம் உருண்டு வந்து முழங்காலில் இடித்துவிட்டு அவர் பக்கம் போகும். கிள்ளை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழித் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டே கூட வந்தது. கண் சொக்கிவிட்டது. அந்தத் தண்ணீரின் மேல் இவர் ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறார். தொலைவிலிருந்து, சத்தமில்லாமல், அலைகூட எழாமல் வருகிறார். ஒன்பது வருஷமும் கனவில் அவர் போய்க்கொண்டேதான் இருந்தார், முதுகைத்தான் காட்டினார். இந்தக் கனவில்தான் முகம் தெரிந்தது. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்று விழித்தபோது என் கை ஸ்டூலை இறுகப் பிடித்திருந்தது. "தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை கொட்டகையில் மாரிஸ் மைனரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார். பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். ஒரு தள்ளு தள்ளினார். ஸ்டூல் நகரவில்லை. கொஞ்சம் இறங்கியது. இன்னும் பலமாகத் தள்ளினார். ஸ்டூல் அங்கேயே நின்றது, இவர் மட்டும் போய் மணலில் பக்கவாட்டில் விழுந்தார். நான் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நாலு ரப்பர் சக்கரமும் மணலுக்குள் போயிருந்தன. தேவனாம்பட்டினத்தில் படகை மணலில் ஏற்ற எத்தனை ஆளுக்கு மூச்சு முட்டுகிறது என்று பார்த்து வளர்ந்தவள் நான். கட்டைவண்டி கடற்கரையில் இறங்கினால் மாட்டுக்கு நாக்கு தள்ளும். இது இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? பிறந்ததிலிருந்து மணலிலேயே நடந்து நடந்து, அது ஒரு தரை என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. மூன்று முடிச்சுப் போட்டு அளந்தேனே, காலுக்குக் கீழே பார்த்தேனா! யா அல்லா, என்ன புத்தி இது!

"அங்க தரை சிமெண்டு, புள்ள" என்றார் மெதுவாக. "ஒங்கிட்ட ஸ்டூலத்தான் சொன்னேன். தரையச் சொல்லவே இல்ல."

அவர் கண்ட கனவில் இருந்தது பினாங்குத் தரை. நான் கண்ட கனவில் தரையே இல்லை. பலகை போட்டுப் பார்த்தோம். பலகை முடிகிற இடத்தில் ஒரு சக்கரம் இறங்கி மறுபடி விழுந்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் முயலவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தார். கடிகாரத்தின் பின்னால் கைவிட்டுக் கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாகப்பட்டணம் போய் கப்பல் ஏஜெண்டப் பாத்துட்டு நாளைக்கி சாயங்காலம் வந்துடறேன்."

"போங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன்? வாய் ஜாஸ்தி என்று பேர்தான். அவர் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய முதுகேதான். உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுதுகொண்டே எதிரில் பார்த்தால் சாக்குப் போட்டு மூடிய நாலு சிமெண்டு மூட்டை. அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சிக்கு ஆள் அனுப்பினேன்.

கொளஞ்சி கரண்டி, மட்டப்பலகையோடு வந்து நேராக அடுப்படிக்குப் போனார்.

"அங்க இல்ல. கார் கொட்டாய்க்கி" என்றேன்.

"என்னா பாயம்மா, செவப்புத் தரை செவப்புத் தரைன்னு உசுர வாங்கினீங்க?"

"இப்ப இதுக்குத்தான் உசுரு. நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள முடியுமா, முடியாதா?"

அவர் கொட்டகையைச் சுற்றி வந்தார். வக்கீல் வீட்டு வண்டியை ஆள் விட்டுச் சந்துக்குத் தள்ளினோம். கொளஞ்சி காலால் மணலை அளந்தார், தாடையைச் சொறிந்தார். "நாலு மூட்ட முழுசுக்கும் பத்தாதே. பாதிதான் வரும்."

"பாதியில நின்னா அவுங்க பாதியில வுழுவாங்க. வேற சொல்லு."

அவர் விரலால் காற்றில் ஒரு கட்டம் போட்டார். "காரு நிக்கிற எடத்துல எதுக்குத் தரை? நடுவுல மணலு கெடக்கட்டும், ஆயிலு குடிக்கும். அதச் சுத்தி மட்டும் போடுவோம். சிதம்பரத்துல தேரு சுத்துற நாலு வீதி மாரி. ஸ்டூலு அப்படியே சுத்தி வந்துடும், திரும்பவே வாணாம்."

எனக்கு அவர் காலைத் தொடலாம் போல இருந்தது. செங்கல் ஜல்லி போட்டு இடித்து, அதன் மேல் கலவை போட்டு, கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று அவர் பெயர் சொல்லிச் சொல்லித் தேய்த்தார். முன்னால் காரின் சக்கரம் ஏறிவரச் சரிவும் வைத்தார். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது. ஒரு கரண்டி சிமெண்டு மிஞ்சவில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ஈரத் தரையில் வெளிச்சம் கிடந்தது.

"இது அடுப்படிக்கு வெச்ச சிமெண்டு."

"ஆமா."

"யாரக் கேட்டுச் செஞ்சே?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது. "ஏஜெண்டுகிட்ட பேரு குடுத்துட்டு வந்திருக்கேன். ரெண்டு வாரத்துல சீட்டு வாங்கணும். யாரக் கேட்டே நீ?"

"ஒம்பது வருசம் யாரக் கேட்டுட்டுப் போனீங்க நீங்க? நாப்பதாம் நாளு என்னக் கேட்டீங்களா? புள்ள போனப்ப எங்கிட்ட இருந்தது ஒரு பேனாவும் காயிதமும். எறும்பு ஊர்ற தரையில ஆக்கித் தின்னுட்டு கெடக்கறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போவாதீங்க. அவ்வளவுதான். போவாதீங்க!"

இதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் பிடித்திருக்கிறது. அவர் வெளியே போய்க் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். இரண்டு பழைய சாக்கை நனைத்து, காலை நீட்டிக் குனிந்து, காய ஆரம்பித்திருந்த ஓரத்தின் மேல் விரித்தார்.

ஏழு நாள் அந்தச் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தோம். காலையில் நான், மத்தியானம் அவர், சாயங்காலம் நான். பேச்சு அதிகமில்லை. நாலாம் நாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்தபடி, "நல்லா இறுகுது" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். கண்ணை மூடினால் சாம்பல் நிறத் தரை ஒன்று நாலு பக்கமும் நீண்டுகொண்டே போகும். அதில் யாரும் இல்லை. எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எட்டாம் நாள் சாக்கை எடுத்தோம். மாரிஸ் மைனர் உள்ளே ஏறி நடு மணலில் நின்றது. இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழே தட்டில் ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் ஒரு தள்ளு தள்ளினார்.

போனார்! கிழக்கே போனார், தெற்கே திரும்பினார். வண்டியின் மறுபுறம் அவர் தலை மட்டும் நகர்ந்துகொண்டே வந்தது. கோடி திரும்பி என் முன்னால் வந்து நின்றார். நான் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குள் நாலு சக்கரத்து பிரேக்கையும் முடித்துவிட்டார். முகம் வெளுக்கவே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஸ்டூலை என் பக்கம் உருட்டினார்.

"குந்து."

"நானா? சீ, சும்மா இருங்க. யாராச்சும் பாத்தா!"

"பாக்கட்டும். குந்து புள்ள."

உட்கார்ந்தேன். பின்னாலிருந்து தோளைப் பிடித்து, நொண்டிக்கொண்டே மெதுவாகத் தள்ளினார். தரை நகர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான், போவது தெரியவே இல்லை. ஒரு கோடி, இரண்டு கோடி, மூன்று. எங்கேயோ தண்ணீரின் மேல் இருந்தேன்.

"கப்பலு இப்படித்தான் போவுமா?" என்று கேட்டேன்.

"இப்படித்தான் போவும்." நாலாவது கோடி திரும்பினார். "ஆனா அதுல நீ இல்ல."

அந்த வெள்ளிக்கிழமை அவர் சீட்டு வாங்க நாகப்பட்டினம் போகவில்லை. ஜும்மா முடிந்து வந்து, பேனாவையும் காகிதத்தையும் கொண்டுவரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலாளிக்கு சலாம், நன்றி. கப்பலுக்கு வர இயலவில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்கு ஊரிலேயே கிடைத்துவிட்டது.

மூன்று வருஷம் ஆகிறது. என் அடுப்படி இன்னும் மண் தரைதான். எறும்பும் அப்படியேதான் இருக்கிறது. பர்மிட்டுக்கு மறுபடி மனுப் போட்டிருக்கிறார், எதற்கும் அவசரப்படாத மனுஷர். ஒன்பது வருஷத்தில் பினாங்குக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும்தான் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.